கறுவாவும் சூரியனும்: விக்கா மூலிகை அட்டவணைகள் வந்த வழி

மேற்கு நாடுகளில் விக்கா என்றொரு சமயம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் வெளிப்பட்டது. இயற்கை வழிபாடு, வளர்பிறை தேய்பிறை பார்த்துச் செய்யும் சடங்கு, சூனியக்காரி என்ற பழிச்சொல்லைத் தாமாகவே விரும்பி ஏற்றுக்கொள்ளுதல் என்பன அதன் அடையாளங்கள். அச்சமயம் சார்ந்த கைநூல்களைப் புரட்டினால் மூலிகை அட்டவணை ஒன்று கண்ணில் படாமல் போகாது. ஒவ்வொரு செடிக்கும் ஒரு கிரகம், ஒரு பூதம், ஒரு பால், ஒரு பலன். ரோஸ்மேரிக்குச் சூரியனும் நெருப்பும். ரோஜாவுக்கு வெள்ளியும் நீரும், பலன் காதல். நம்மட சமையலறைக் கறுவாவுக்கும் அங்கே இடமுண்டு: சூரியன், நெருப்பு.

இந்த அட்டவணைகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் வழமையான பதில் ஒன்று கிடைக்கும். கிறிஸ்தவம் பரவுவதற்கு முன்னர் ஐரோப்பியக் காடுகளில் வாழ்ந்த துருயிட் பூசாரிகளின் அறிவாம். பாட்டிமார் வாய்வழியாகக் காத்துத் தந்ததாம். அழகான பதில்தான். ஆனால் துருயிடுகள் தம் போதனைகளை எழுத்தில் வைக்க விரும்பாதவர்கள் என்று ஜூலியஸ் சீசரே குறித்திருக்கிறார். அவர்களின் மூலிகை பற்றி நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ரோமானியரான பிளினி எழுதிய சில பத்திகள்: வெள்ளுடை தரித்த பூசாரி மரமேறிப் பொன் அரிவாளால் மிஸல்டோ வெட்டுகிற காட்சி போன்றவை. அங்கே ஏழு கிரகங்களின் அட்டவணை இல்லை.

இன்று பரவலாகப் பயன்படும் அட்டவணை, அமெரிக்கரான ஸ்கொட் கன்னிங்ஹாம் 1985இல் வெளியிட்ட மந்திர மூலிகைக் கலைக்களஞ்சியம். நானூறுக்கு மேற்பட்ட செடிகள் அதில் உண்டு. அதிலே கொச்சிக்காயைப் பாருங்கள். செவ்வாய், நெருப்பு என்றிருக்கிறது. கொலம்பஸ் கடல் கடக்கும் வரை ஐரோப்பாவில் எவரும் கொச்சிக்காயைக் கண்டதில்லை. துருயிட் பூசாரி அதைச் செவ்வாய்க்குக் கொடுத்திருக்க முடியாது. கொடுத்தது ஒரு விதி: உறைப்பது, எரிப்பது, சிவந்தது, முள்ளுள்ளது எல்லாம் செவ்வாய்க்கு. விதி கையில் இருந்தால் புதிய செடி எது வந்தாலும் கட்டத்தில் போட்டுவிடலாம். ஆகவே செடிகளின் பட்டியலை விட்டுவிட்டு, அந்த விதி யாருடையது என்று தேடுவதே சரி.

பின்னோக்கிப் போனால் முதலில் எதிர்ப்படுபவர் லண்டன் மருந்துக்காரரான நிக்கலஸ் கல்பெப்பர். பொல்லாத ஆள். வைத்தியர் கழகம் இலத்தீனில் பூட்டி வைத்திருந்த மருந்து நூலை 1649இல் ஆங்கிலத்தில் பெயர்த்து, ஏழைகளின் கையில் கொடுத்து, கழகத்தாரின் கோபத்தைச் சம்பாதித்தவர். 1652இல் அவர் வெளியிட்ட மூலிகை நூலில் செடிதோறும் ஆளும் கிரகம் சொல்லப்பட்டிருக்கிறது. ரோஸ்மேரி சூரியனுக்கு, பெருஞ்சீரகம் புதனுக்கு, காஞ்சொறி வகை செவ்வாய்க்கு. கன்னிங்ஹாமிலும் இவை அப்படியே. ஆனால் கைமாறும்போது சில கலைந்தும் போயின. கல்பெப்பர் சிவப்பு ரோஜாவை வியாழனுக்கும் டமஸ்கஸ் ரோஜாவை வெள்ளிக்கும் வெள்ளை ரோஜாவைச் சந்திரனுக்கும் பகிர்ந்திருந்தார். பின்னவர் எல்லாவற்றையும் வெள்ளியின் கணக்கில் எழுதிவிட்டார். சூரியனிடமிருந்த அருவதா செவ்வாயிடம் போனது.

கல்பெப்பரின் நூலுக்கு ஓராண்டு முன்னர், 1651இல், ஜெர்மானியரான அக்ரிப்பாவின் மறைஞான நூல் லண்டனில் ஆங்கிலத்தில் அச்சேறியது. அதன் இலத்தீன் மூலம் 1533இல் முழுமையாக வெளிவந்தது. சூரியனுக்குரிய பொருட்களை அவர் வரிசைப்படுத்தும் இடத்தில் குங்குமப்பூ, கராம்பு, கறுவா, மிளகு எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. கறுவாவின் சூரியன் குறைந்தது இவ்வளவு பழையது. அக்ரிப்பாவுக்கு முன்னோடி புளோரன்ஸ் நகரத்து ஃபிசினோ. 1489இல் கிரகங்களின் சக்தியை மருந்தாலும் வாசனையாலும் ஈர்ப்பது பற்றி எழுதியவர். இவ்விருவர் கையிலும் இருந்த ஒரு நூலின் இலத்தீன் பெயர் பிகாட்ரிக்ஸ்.

இங்கேதான் கதை நம் பக்கம் திரும்புகிறது. பிகாட்ரிக்ஸ் என்பது அரபு நூலான 'காயத்துல் ஹகீம்'. பத்தாம் நூற்றாண்டில் அந்தலூஸியாவில் எழுதப்பட்டது. நெடுங்காலம் கணித அறிஞர் மஸ்லமா அல்-மஜ்ரீதியின் பெயரில் வழங்கியது. 964இல் மறைந்த மஸ்லமா அல்-குர்துபியே ஆசிரியர் என்பது இன்று வலுப்பெற்றிருக்கும் கருத்து. 1256இல் கஸ்டில் மன்னர் பத்தாம் அல்போன்சோவின் ஆணைப்படி ஸ்பானியத்துக்கும் பின்னர் இலத்தீனுக்கும் போனது. ஒவ்வொரு கிரகத்துக்கும் உரிய உலோகம், தொழில், விலங்கு, செடி, புகைக்கும் சாம்பிராணி வகை, நிறம் என வரிசை வரிசையாக அதிலே உண்டு.

அரபிகள்தான் இதைத் தொடக்கினார்கள் என்று சொல்ல வரவில்லை. எகிப்தில் கிரேக்க மொழியில் ஹெர்மிஸின் பெயரால் எழுதப்பட்ட ஏடுகளில் ஏழு கிரகங்களுக்கு ஏழு செடிகள் ஏலவே இருந்தன. ஹர்ரான் நகரத்து நட்சத்திர வழிபாட்டாளரின் சடங்குகளும், இப்னு வஹ்ஷிய்யாவின் 'நபதீய விவசாயம்' என்ற நூலும் காயாவுக்குள் கலந்திருக்கின்றன. சிதறிக் கிடந்ததைத் திரட்டி முறையாக்கிக் கொடுத்த வேலை அரபு மொழியில் நடந்தது. அல்-பிரூனியும் 1029இல் ரைஹானா என்ற பெண்ணுக்காகக் கேள்வி பதிலாக எழுதிய 'தஃப்ஹீம்' நூலில் கிரகங்களுக்குரிய பொருட்களை அட்டவணையிட்டிருக்கிறார். சோதிடத்தில் தமக்கு நம்பிக்கை குறைவு என்பதையும் மறைக்கவில்லை.

விக்கா அட்டவணையின் பூதக் கட்டம் மட்டும் வேறு வழியால் வந்தது. இது மந்திரம் அல்ல, மருத்துவம். சூடும் வறட்சியும் சேர்ந்தால் நெருப்பு, குளிரும் ஈரமும் சேர்ந்தால் நீர் என்பது கிரேக்கர் கொள்கை. கேலன் அதன்படி மருந்துகளைச் சூடு, குளிர், ஈரம், வறட்சி என்று படி பிரித்தார். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் போன்ற பக்தாத் மொழிபெயர்ப்பாளர்கள் அதை அரபுக்குக் கொண்டுவந்தார்கள். இப்னு ஸீனா முறைப்படுத்தினார். மாலகாவில் பிறந்த இப்னுல் பைத்தார் ஆயிரத்து நானூறளவு மருந்துப் பொருட்களைத் தொகுத்தார். நமது யூனானி வைத்தியர் 'மிஸாஜ்' என்று சொல்வது இதைத்தான். இந்த மருத்துவம் நிற்பது கிரகத்தின் மேல் அல்ல, குணத்தின் மேல். இப்னு ஸீனா சோதிடத்தை மறுத்துத் தனியாக ஒரு ரிஸாலாவே எழுதியவர்.

குணமும் கிரகமும் விக்காவில் ஒரே வரியில் ஒட்டப்பட்டபோது பொருத்து வாய் சில இடங்களில் தெரிகிறது. யூனானியில் பாபூனா என்று அழைக்கப்படும் கெமமைல் பூ சூடும் வறட்சியும் உடையது. கல்பெப்பரும் அதைச் சூரியனோடு சேர்த்தார். கன்னிங்ஹாமில் கிரகம் சூரியன்தான், பூதமோ நீர்! பழைய விதிப்படி இது பொருந்தாது. கட்டங்கள் மிஞ்சி, கட்டங்களை நிரப்பிய காரணம் மறந்துபோனதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

சும்மா சொல்லக் கூடாது, எல்லாமே புத்தக வழியில் வந்தவையும் அல்ல. எல்டர் மரத்தை வெட்ட அஞ்சுவதும் ரோவன் மரக்கிளையைக் காவலுக்கு வைப்பதும் வட ஐரோப்பியக் கிராமங்களின் சொந்த நம்பிக்கைகள். அட்டவணையின் பலன் கட்டத்தில் இப்படிப்பட்டவை நிறையக் கலந்திருக்கின்றன. 1888இல் லண்டனில் தோன்றிய பொன்விடியல் சங்கம், இந்தச் சரக்கையெல்லாம் யூதக் கப்பாலா மரபின் சட்டத்துக்குள் அடுக்கியது. அந்த அடுக்கை விரித்து அலிஸ்டர் குரோலி 1909இல் '777' என்ற அட்டவணை நூலாக வெளியிட்டார். கிளைகளும் இடைக்கிளைகளும் இருந்தாலும் கிரக விதியின் நடுத்தண்டு அதேதான்.

விக்காவை உலகறியச் செய்த ஜெரால்ட் கார்ட்னர் நமக்கு முழு அந்நியரும் அல்லர். 1900இல் பதினாறு வயதில் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் தொழில் பழகியவர். 1910இல் கொழும்பில் ஃப்ரீமேசன் சங்கத்தில் சேர்ந்தார். சூனியச் சட்டம் 1951இல் இங்கிலாந்தில் நீக்கப்பட்ட பிறகு, 1954இல் தமது புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். ஆயினும் அது மூலிகை நூல் அல்ல. இலங்கை வாசம் இந்த அட்டவணைகளுக்கு எதையும் கொடுத்ததாக இழுத்துக் கட்டத் தேவையில்லை.

நம் இதழ்களில் 'இஸ்லாமிய உலகம் ஐரோப்பாவுக்கு அளித்தவை' என்று எழுதும்போது அல்ஜிப்ரா வரும், ஒளியியல் வரும், மருத்துவமனை வரும். காயத்துல் ஹகீம் வராது. வெட்கம் காரணமாக இருக்கலாம். மறுபக்கம், மேடைப் பேச்சில் விக்காவை மேற்கின் புதிய ஷைத்தானிய வேலை என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பவர்களும் உண்டு. இரண்டிலுமே வரலாறு பாதியாகிப் போகிறது. இப்னு கல்தூன் இரண்டையும் செய்யவில்லை. 1377இல் எழுதிய முகத்திமாவில் ஸிஹ்ரு, தல்ஸம் பற்றி அத்தியாயமே வைத்து, மஸ்லமாவின் நூலைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அது எந்த முன்னோர் நூல்களின் சாரம் என்று விளக்கி, அதன் பிறகே மார்க்கத்தில் அது விலக்கப்பட்டது என்று தீர்ப்புக் கூறுகிறார். முதலில் வாசித்தார், பிறகு மறுத்தார்.

காயாவின் அரபு மூலம் முழுமையாகச் செப்பனிடப்பட்டு அச்சேறியது 1933இல். பதிப்பித்தவர் ஹெல்முட் ரிட்டர் என்ற ஜெர்மானியர். அச்சான ஊர் லைப்சிக்.