பயப்படாமல் கதவைத் தட்டியவர்கள்

ஹவாய் தீவுகளில் ஒன்று மொலோக்காய். அதன் வடக்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன நிலத்துண்டுதான் கலவுபாபா. மூன்று பக்கம் கடல், நாலாவது பக்கம் செங்குத்தான மலை. தப்பிக்க வழியே கிடையாது!

1865-ல் ஹவாய் அரசு ஒரு சட்டம் போட்டது. தொழுநோய் வந்தவர்களைப் பிடித்துத் தனியே ஒதுக்கி வைக்க வேண்டும். 1866 ஜனவரியில் முதல் நோயாளிகளை இங்கே கொண்டு வந்து இறக்கினார்கள். அடுத்த நூறு வருடங்களில் வந்தவர்கள் சுமார் 8000 பேர்.

இந்தக் கதையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் பெல்ஜியத்தைச் சேர்ந்த தமியான் பாதிரியார். 1873 மே மாதம் வந்தார். அவர் டாக்டர் இல்லை. ஆனால் குடிசை குடிசையாகப் போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டார். நாற்றம் தாங்காமல் பைப் புகைக்கப் பழகிக்கொண்டாராம். கடைசியில் அவருக்கும் நோய் தொற்றி, 1889-ல் இறந்தார்.

அவருக்கு உதவ 1886-ல் ஜோசப் டட்டன் வந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருந்தவர். சம்பளம் கிடையாது. 1931-ல் சாகும் வரை அந்தத் தீவுதான் அவருக்கு ஊர். 1888-ல் மரியான் கோப் என்ற கன்னியாஸ்திரி வந்தார். கை கழுவுவதில் ரொம்பக் கண்டிப்பு. அவரோடு வந்த சகோதரிகள் யாருக்கும் நோய் தொற்றவில்லை.

ஆனால் என்னை அதிகம் பாதித்தது 'கோகுவா'க்கள். ஹவாய் மொழியில் உதவியாளர் என்று பொருள். நோய் இல்லாமலே, புருஷனுக்காக, மனைவிக்காக, பிள்ளைக்காகக் கூடவே கிளம்பி வந்தவர்கள். தமியானுக்கு முன்பே அங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர்கள் இவர்கள்தான். இவர்களில் எத்தனை பேருக்குச் சிலை இருக்கிறது?

100 பேரில் சுமார் 95 பேருக்குத் தொழுநோயை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே உண்டு என்று இன்று நமக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. தெரியாமலே போனார்கள்.

1940-களில் மருந்து வந்துவிட்டது. ஒதுக்கி வைக்கும் சட்டமோ 1969-ல்தான் போனது. நோய்க்கு மருந்து கிடைத்த பிறகும் பயம் இருபது வருடம் ஆட்சி செய்திருக்கிறது!

2020-ல் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குத் தகரம் அடித்தார்கள். அது என் நண்பன் வீடு. தகரத்தை எடுத்த பிறகும் ஒரு மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. கோகுவாக்களைப் பற்றிப் படித்த அன்றுதான் அது உறுத்த ஆரம்பித்தது.