விண்மீனை விட்டு விலகாத பார்வை

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் வானியல் அறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி அவர்களின் பெயர் நம் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கிறது. "ஆண்ட்ரோமெடாவை அன்றே கண்டவர் நம்மவர்" என்று நாமும் பெருமையுடன் பேசியதுண்டு. ஆனால் அவர் எவ்வாறு உழைத்தார் என்பதை எத்தனை பேர் கேட்டறிந்தோம்?

கி.பி. 903-இல் ரய் நகரில் பிறந்த அவர், புவைஹி மன்னர் அளுதுத் தௌலாவின் ஆதரவில் ஆய்வு செய்தார். அக்காலத்தில் கிரேக்க அறிஞர் தாலமியின் விண்மீன் பட்டியலே எங்கும் ஆதாரமாக விளங்கியது. அஸ்ஸூஃபி அதை அப்படியே படியெடுக்கவில்லை. விண்மீன்களைத் தம் கண்ணால் மீண்டும் பார்த்தார். அவற்றின் ஒளியளவைச் சரிபார்த்தார். பிழை கண்ட இடங்களைத் திருத்தினார். கி.பி. 964 வாக்கில் அவர் எழுதிய நிலைத்த விண்மீன்கள் பற்றிய நூலில், ஆண்ட்ரோமெடா விண்மீன் குழுவில் மேகம் போன்ற ஒரு சிறு திட்டு குறிக்கப்பட்டுள்ளது. அதைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய குறிப்பு அதுவே.

அதன்பின் சுமார் 900 ஆண்டுகள் அத்திட்டின் உண்மை வடிவம் தெரியவில்லை. தொலைநோக்கி வந்த பின்னரும் கண்ணுக்குப் புகை மூட்டமே தென்பட்டது. மங்கிய ஒளியை மணிக்கணக்கில் சேர்த்து வைக்கும் ஒளிப்படத் தகடு தேவைப்பட்டது. அங்கேதான் சிக்கல் எழுந்தது. பூமி சுழல்வதால், அசையாத தொலைநோக்கியில் ஒரு விண்மீன் முழுநிலவின் அகலத்தை இரண்டு, மூன்று நிமிடங்களில் கடந்துவிடும். புள்ளியாக விழ வேண்டிய விண்மீன் கோடாக நீளும்.

எனவே, பூமியின் அச்சுக்கு இணையான அச்சில் தொலைநோக்கியைப் பொருத்தி, கடிகாரப் பொறியால் வானத்தோடு சுழலச் செய்தனர். அதுவும் போதவில்லை. பற்சக்கரத்தின் சிறு குறை, குழாயின் வளைவு, காற்று மண்டலம் ஒளியை வளைப்பது எனப் பிழைகள் சேர்ந்தன. ஆகவே, அதே தாங்கியில் வழிகாட்டும் தொலைநோக்கி ஒன்றையும் பொருத்தினர். அதில் ஒரு விண்மீனைக் குறுக்கிழைகள் சந்திக்கும் இடத்தில் நிறுத்தி, அது மயிரிழை விலகினாலும் கையால் திருப்பிச் சரிசெய்துகொண்டே இருந்தனர். குளிரிலும் இருளிலும் மணிக்கணக்கில் அப்பணி தொடர்ந்தது.

1888-இல் லிவர்பூல் அருகே, ஐசக் ராபர்ட்ஸ் என்னும் தொழிலதிபர் 20 அங்குலத் தொலைநோக்கியால் எடுத்த நீண்டநேரப் படங்களில், அத்திட்டு சுருள் சுருளாக விரிந்தது. உருவாகிவரும் ஒரு சூரியக் குடும்பம் என அவர் கருதினார், அக்கருத்து தவறு. 1923-இல் எட்வின் ஹப்பிள் எடுத்த படத்தில் கிடைத்த ஒரு மாறும் விண்மீன், அது நம் பால்வீதிக்கு அப்பாலுள்ள தனி அண்டம் என்பதை உணர்த்தியது. அதன் தூரம் சுமார் 25 இலட்சம் ஒளியாண்டுகள் என்று இன்று அறிகிறோம். இன்று சிறு கேமராவும் கணினியும் சில விநாடிகளுக்கு ஒருமுறை அத்திருத்தத்தைச் செய்கின்றன, முறை மாறவில்லை.

முன்னோரின் பெயரைச் சொல்வதால் மட்டும் நாம் அவர்களின் வாரிசுகள் ஆகிவிட மாட்டோம். அவர்கள் விட்டுச் சென்றது சரிபார்க்கும் பழக்கம். இஸ்திகாமத் என்பதும் ஒருபோதும் விலகாத நிலையன்று. விலகியதை உடனே கண்டு திரும்புவதே அது. பழக்கத்தால் ஓடும் நம் தொழுகைகளும் அந்தக் கடிகாரப் பொறி போன்றவையே. ஒவ்வோர் இரவும் முஹாஸபா செய்யும் கண் ஒன்று உடனிருக்க வேண்டும். சிறு பிழை அன்றே திருத்தப்படாவிட்டால், முழுப் படமும் கலைந்துவிடும்.

வல்ல அல்லாஹ் நமக்கு அத்தகைய விழிப்பைத் தந்தருள்வானாக! ஆமீன்.