கொழுப்பு வரி: ஓராண்டே நீடித்த ஒரு கொள்கை

2016 ஜூலை 8 அன்று கேரள நிதியமைச்சர் தாமஸ் ஐசக் முன்வைத்த திருத்திய நிதிநிலை அறிக்கை, வணிக முத்திரை கொண்ட உணவகங்கள் விற்கும் பர்கர், பீட்சா, டோநட் போன்றவற்றின் மீது 14.5 விழுக்காடு ‘கொழுப்பு வரி’யை அறிவித்தது. நீரிழிவும் இதயநோயும் பெருகிய மாநிலத்தில், நோயை மருத்துவமனையில் எதிர்கொள்ளும் முன்பே விலையின் வழியே தடுக்க முயன்ற நடவடிக்கை அது.

மைதாப் பரோட்டாவும் எண்ணெயில் பொரித்த உள்ளூர்ப் பண்டங்களும் வரிக்கு வெளியே நின்றன. எனவே, இது நலக் கொள்கையா, வருவாய்த் தேடலா என்ற ஐயம் எழுந்தது. அதற்கு விடை காணக் காலம் வாய்க்கவில்லை. 101ஆம் அரசமைப்புத் திருத்தம் மாநிலப் பட்டியலின் 54ஆம் இனத்தைச் சுருக்கியது. பெட்ரோலியப் பொருள்கள், மது ஆகியவை நீங்கலாகப் பிறவற்றின் விற்பனைக்குத் தனித்து வரி விதிக்கும் அதிகாரத்தை மாநிலங்கள் இழந்தன. 2017 ஜூலை 1இல் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் கொழுப்பு வரி மறைந்தது.

எனினும், அதே பட்டியலின் 6ஆம் இனமான பொதுச் சுகாதாரம் மாநிலத்தின் பொறுப்பாகவே நீடிக்கிறது. கேரளம் 2017இல் தொடங்கிய ‘ஆர்த்ரம்’ இயக்கத்தின் வழியே ஆரம்பச் சுகாதார நிலையங்களைக் குடும்பச் சுகாதார மையங்களாக மாற்றத் தலைப்பட்டது. நோயாளியைப் பேணும் கடமை மாநிலத்திடம் எஞ்சியது. உணவின் விலையைத் திருத்தும் கருவி கைமாறிவிட்டது. நோய்த்தடுப்புக் கொள்கையின் வரலாற்றை நிதியதிகாரத்தின் வரலாற்றிலிருந்து பிரித்து எழுத இயலாது என்பதற்கு இதுவே சான்று.