காரம்: சாம்பலும் உவர்மண்ணும் தந்த சொல்

தமிழ் வழியில் வேதியியலைத் தொடங்கும் மாணவர் முதலில் சந்திக்கும் பொருள் வகைகள் அமிலம், காரம், உப்பு என மூன்று. இவற்றுள் அமிலம் பெரும்பாலும் பள்ளியில் அறிமுகமாகும் சொல். உப்பு, வீட்டு வழக்கோடு ஓரளவு ஒத்துப்போகும் சொல். காரம் ஒன்றே வீட்டில் ஒரு பொருளையும் வகுப்பறையில் வேறொரு பொருளையும் குறித்து மாணவரைத் தடுமாற வைக்கிறது. புதுச்சேரியின் பாகூர்ப் பக்கத்துக் கரையாம்புத்தூரில் குழம்பு காரமாக இருக்கிறது என்றால் மிளகாய் கூடிவிட்டது என்று பொருள். அதே ஊர்ப் பிள்ளை பாடநூலைத் திறந்தால், காரம் என்பது கசப்பும் வழுவழுப்பும் உடையது, சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்குவது, அமிலத்தோடு வினைபுரிந்து உப்பையும் நீரையும் தருவது என்று படிக்க நேர்கிறது. மிளகாயின் காரத்துக்கும் இந்தப் பண்புகளுக்கும் தொடர்பே இல்லை. அப்படியிருந்தும் ஒரே சொல் இரண்டையும் குறிப்பதற்குத் தக்க காரணம் உண்டு. அதைப் பாடநூல் ஒரு பத்தியிலாவது சொல்வது மாணவருக்குச் செய்யும் பேருதவியாகும்.

சொல்லின் பிறப்பைப் பற்றி இரு கருத்துகள் உள்ளன. வடமொழியில் எரிக்கும் தன்மையுள்ள சாம்பலுப்பைக் குறிக்கும் 'க்ஷாரம்' தமிழில் 'காரம்' ஆயிற்று என்பது ஒன்று. உறைத்தல், உவர்த்தல் என்னும் பொருள்களில் வழங்கும் 'கார்த்தல்' என்ற தமிழ் வினையோடும், அறுசுவையுள் ஒன்றான 'கார்ப்பு' என்ற பெயரோடும் உறவுடையது என்பது மற்றொன்று. இரண்டு நீரோட்டங்களும் ஒரு சொல்லில் கலந்திருக்கக்கூடும் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. எப்படியாயினும் சொல்லின் நடுவே நிற்கும் பொருள் எரிச்சல்: நாவில் பட்டால் உறைப்பது, தோலில் பட்டால் புண்ணாக்குவது. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வழியாக அமெரிக்க மிளகாய் இந்தியக் கரைக்கு வந்தபோது, மிளகுக்கும் சாம்பலுப்புக்கும் பொதுவாக இருந்த அந்த எரிச்சல் பெயர் அதற்கும் எளிதாகப் பொருந்திவிட்டது.

சாம்பலுப்பு என்பது என்ன என்பதை இங்கே விளக்க வேண்டும். செடிகள் மண்ணிலிருந்து உறிஞ்சும் பொட்டாசியம், அவற்றை எரித்தபின் சாம்பலில் பெரும்பாலும் பொட்டாசியம் கார்பனேட்டாக எஞ்சுகிறது. அது நீரில் கரைவதால், சாம்பலை நீரில் கரைத்து வடிகட்டிச் சுண்டக் காய்ச்சினால் வெண்ணிற உப்பாகக் கிடைக்கிறது. வயல் வரப்புகளில் தானாக முளைத்து, வேட்டியிலும் புடவையிலும் ஒட்டிக்கொள்ளும் நாயுருவி இதற்குப் பேர்பெற்றது. மூலநோய்க்கும் பவுத்திரத்துக்கும் சித்த, ஆயுர்வேத மருத்துவர்கள் பயன்படுத்தும் காரநூல், கள்ளிப்பாலையும் நாயுருவிச் சாம்பலின் காரத்தையும் மஞ்சளையும் நூலில் பலமுறை பூசி உலர்த்திச் செய்யப்படுவது. அந்தக் காரம் நோயுற்ற தசையைச் சிறிது சிறிதாக அரித்து அறுக்கிறது. சுசுருத சங்கிதை இன்னும் ஒரு படி மேலே சென்று, சாம்பல் நீரோடு சுட்ட சுண்ணாம்புக் கல்லையும் சிப்பியையும் சேர்த்துக் காய்ச்சிக் கடுங்காரம் செய்யும் முறையைக் கூறுகிறது. சுண்ணாம்பு, கார்பனேட்டைத் தன்னோடு பிணைத்துக் கால்சியம் கார்பனேட்டாக அடியில் படிந்துவிட, நீரில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தங்குகிறது. மென்காரம் கடுங்காரமாக மாறும் வினை இதுவே. மென்காரத்தில் கார்பன் டைஆக்சைடு பிணைந்திருக்கிறது என்பதையும் அதைச் சுண்ணாம்பு பறித்துக்கொள்கிறது என்பதையும் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் 1756-இல் விளக்கினார். செய்முறையோ அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மருத்துவர் கைக்கு வந்திருந்தது.

சாம்பல் ஒரு வழி என்றால் மண் மற்றொரு வழி. உவர்நிலத்தில் கோடையில் வெள்ளையாகப் பூத்து நிற்கும் உவர்மண்ணில் சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் உண்டு. சலவைத் தொழிலாளர் அம்மண்ணைக் கரைத்த நீரில் அழுக்குத் துணியை ஊறவைத்து, பானைமேல் அடுக்கி ஆவியில் வேகவைப்பதே வெள்ளாவி. கார்பனேட்டு நீரோடு வினைபுரிந்து ஹைட்ராக்சைடு அயனிகளைத் தர, அவை துணியின் எண்ணெய்ப் பசையைப் பிரித்து நீரில் கரையும் சோப்பாக மாற்றுகின்றன. சோப்புக்கு வழங்கும் 'சவுக்காரம்' என்ற பெயரும், இலங்கைத் தமிழில் இன்றும் நிலைபெற்ற 'சவர்க்காரம்' என்ற வடிவமும் இந்த மண்ணோடு தொடர்புடையவை. அதை வடமொழியின் 'சர்ஜிகா க்ஷாரம்' என்பதன் திரிபாகவும் கொள்வர். உவர்ப்பைக் குறிக்கும் 'சவர்' என்பதோடு 'காரம்' சேர்ந்ததாகவும் பிரித்துப் பார்க்க இடமுண்டு. இதே வகைச் சோடா கண்ணாடிக்கும் பயன்பட்டது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் கிடைத்த கண்ணாடி மணிகளில் பலவற்றின் அலுமினா மிகுந்த கலவையைக் கொண்டு, அவை மணலோடு உவர்நிலச் சோடாவைச் சேர்த்து உருக்கிய வகை என ஆய்வாளர் கருதுகின்றனர்.

பயன்பாட்டை வைத்துப் பெயரிட்ட வழக்கு, வேதியியல் பிரிக்கும் பொருள்களைச் சில இடங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. பொற்கொல்லர் பற்றவைக்கும்போது தடவும் வெங்காரம், உருகி உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடைக் கரைத்து நீக்குவது. வேதியியல்படி அது உப்பே ஆனாலும், அதன் கரைசல் காரத்தன்மை உடையது என்பதால் பெயர் தவறாகவில்லை. முடிதிருத்துவோர் கன்னத்தில் தேய்க்கும் படிகாரமோ நேர்மாறானது. பொட்டாசியம் அலுமினியம் சல்ஃபேட்டான அது நீரில் கரைந்தால் அலுமினிய அயனி நீரோடு வினைபுரிந்து அமிலத்தன்மையைத் தருகிறது. வடமொழியில் 'ஸ்படிகாரி' எனப்படும் அது தமிழில் 'காரம்' என்ற ஈற்றோடு நிற்பதால், காரக் குடும்பத்துப் பொருளாகத் தோற்றம் தருகிறது. இந்த வேறுபாட்டை மாணவர் ஆய்வகம் இல்லாமலே காணலாம்: மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தி நீர் சிவந்திருப்பது, மஞ்சளின் குர்குமின் என்னும் நிறமி காரத்தில் செம்மை அடைவதால்தான். அந்நீரில் படிகாரக் கரைசலைப் போதிய அளவு ஊற்றினால் சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்புகிறது. வெங்காரக் கரைசலை ஊற்றினால் அப்படி நேர்வதில்லை.

மேற்கிலும் இச்சொல்லின் கதை சாம்பலிலேயே தொடங்குகிறது. ஐரோப்பிய மொழிகளின் 'அல்கலி', உவர்நிலச் செடிகளின் சாம்பலைக் குறிக்கும் 'அல்-கலி' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 1807-இல் ஹம்ப்ரி டேவி எரிபொட்டாஷை, அதாவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடை, மின்னாற்பகுத்துப் பிரித்தெடுத்த பொட்டாசியத்துக்கு 'கே' என்ற குறியீடு அமைந்ததும் 'காலியம்' என்ற அதே வேரிலிருந்துதான். ஆனால் அதற்கு முன்பே, 1754-இல், பாரிஸில் கியோம் பிரான்சுவா ருவேல் வேறொரு கோணத்தில் சிந்தித்தார். அமிலத்தோடு சேர்ந்து அதற்குத் திண்ம வடிவம் தந்து உப்பாக்கும் எந்தப் பொருளையும், அது சாம்பலுப்பாயினும் மண்ணாயினும் உலோகமாயினும், உப்பின் அடித்தளம் என்னும் கருத்தில் 'பாஸ்' என்ற பிரெஞ்சுச் சொல்லால் அழைத்தார். எரிச்சல் என்ற அளவுகோல் அங்கே கைவிடப்பட்டது; அமிலத்தோடு என்ன செய்கிறது என்பதே புதிய அளவுகோல். 1880-களில் அர்ரீனியஸ் நீரில் ஹைட்ராக்சைடு அயனியைத் தருவது என்றும், 1923-இல் பிரான்ஸ்டெட்டும் லௌரியும் புரோட்டானை ஏற்பது என்றும் அதற்கு வரையறை கண்டனர்.

புதிய அளவுகோலும் ஊருக்குப் புதிதன்று. கரும்பு விளையும் பாகூர் வட்டாரத்திலும் அண்டைய கடலூர், விழுப்புரம் பக்கங்களிலும் வெல்லம் காய்ச்சுவோர், 5.2 முதல் 5.5 வரை பி.எச். உள்ள கரும்புச் சாற்றில் சுண்ணாம்பு நீர் சேர்க்கும் வழக்கம் உண்டு. சாற்றின் அமிலம் சர்க்கரையைச் சிதைத்துப் பாகை உறையவிடாமல் செய்வதைச் சுண்ணாம்பு தடுக்கிறது. அளவு மீறினால் வெல்லம் கறுத்துவிடும். இங்கே சுண்ணாம்பு வேலை செய்வது அமிலத்தை நடுநிலையாக்குவதால். அது நாவைச் சுடும் என்பது இந்த வேலைக்கு வேண்டாத செய்தி.

எரிச்சல், அமிலத்தை நடுநிலையாக்குதல் என்னும் இந்த இரு எண்ணங்களும் தமிழில் இரு கலைச்சொற்களாக நிற்கின்றன. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், 1875-இல் 'கெமிஸ்தம்' என்ற வேதியியல் நூலைத் தமிழில் தந்த காலந்தொட்டே இலங்கையில் கலைச்சொல்லாக்கம் தனி வழியில் வளர்ந்தது. இன்றைய இலங்கைப் பாடநூல்கள் ருவேலின் கருத்துக்கு 'மூலம்' என்றும், நீரில் கரையும் மூலத்துக்குக் 'காரம்' என்றும் வழங்குகின்றன. தமிழ்நாட்டு வழக்கில் முன்னது 'காரம்', பின்னது 'எரிகாரம்'. இரண்டாவது வழக்கில் எரிச்சல் பெயரிலேயே இருமுறை ஏறியிருக்க, நீரில் கரையாத, தோலைச் சுடாத காப்பர் ஆக்சைடையும் 'காரம்' என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. மாணவர் குழப்பத்தில் பெரும்பகுதி இங்கிருந்து வருவது. இலங்கை வழக்கே பொருளோடு நெருங்கியது. அதன்படி சுண்ணாம்பும் நாயுருவிச் சாம்பலில் காய்ச்சிய கடுங்காரமும் மூலமாகவும் காரமாகவும் அமையும். காப்பர் ஆக்சைடு மூலம் மட்டுமே. படிகாரமும் மிளகாயும் இரண்டிலும் சேரா.