அரசன் முகமன் கூறினால்

கி.பி. 70இல் ரோமர் ஜெருசலேம் ஆலயத்தை அழித்தனர். யூதரிடையே பலியின் இடத்தைப் பிரார்த்தனை பெற்றது. அதனை இடையில் நிறுத்தலாமா? கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டநூல் விடை சொல்கிறது. காலையில் 'ஷெமா' ஓதுகையில், அஞ்சத்தக்கவர் எதிர்ப்பட்டால் பாதியில் நிறுத்தியும் முகமன் கூறலாம். மதிப்புக்குரியவருக்குப் பகுதிகளின் இடைவெளியில் கூறலாம். நின்றபடி ஓதும் 'அமிதா'வுக்கோ விதி கடுமையானது: அரசனே முகமன் கூறினாலும் பதிலளிக்கலாகாது.

பாரசீகர் ஆட்சியில் உருவான பாபிலோனியத் தல்மூத் இவ்விதியைச் சுருக்கிற்று. அது யூத அரசனுக்கு மட்டுமே; அந்நிய அரசனென்றால் நிறுத்திவிடு. காரணம், அவன் கொன்றுவிடக்கூடும். இதைக் கோழைத்தனமென நாம் ஒதுக்கிவிட முடியுமா? உயிரோடிருந்தால்தான் மறுநாட் காலையும் பிரார்த்திக்கலாம் என்பதை அம்மக்கள் அனுபவத்தில் அறிந்திருந்தனர்.