தலைப்பு மாறினால் தொகை மாறும்: இலங்கைக் குடிசனமதிப்பும் இனக்கணக்கும்

1901ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 1ஆந் திகதி எடுக்கப்பட்ட குடிசனமதிப்பின்படி இலங்கையில் வாழ்ந்த தமிழர் 951,740 பேர். மொத்தக் குடிகளில் நூற்றுக்கு 26.7 வீதத்தினர். பத்தாண்டு கழித்து 1911ஆம் ஆண்டின் அட்டவணையில் இலங்கைத் தமிழர் என்ற தலைப்பின்கீழ் நிற்கும் தொகை 528,024, வீதம் 12.9. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், பத்தாண்டுக்குள் தமிழரிற் பாதிப்பேர் மறைந்தொழிந்தனர் என்றே கருதுவர். பஞ்சமோ கொள்ளைநோயோ அவ்வாறு எவரையும் வாரிக்கொண்டு போகவில்லை. தமிழர் என்னும் ஒரே தலைப்பு அவ்வாண்டில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரண்டாகப் பிரிக்கப்பட்டது, நடந்தது அவ்வளவே. இந்தியத் தமிழர் என எழுதப்பட்டோர் 530,983 பேர். இரு தொகையையும் கூட்டினால் 1,059,007. அது நூற்றுக்கு 25.8 வீதம்.

இது எளிய கணக்கு. எல்லாக் கணக்கும் இவ்வளவு எளிதாக அவிழ்வதில்லை.

இலங்கை முழுவதற்குமான முதற் குடிசனமதிப்பு 1871இல் நடைபெற்றது. அப்பொழுது எண்ணப்பட்டோர் 2,400,380 பேர். இவர்களை எவ்வாறு வகுப்பதென்பதில் அன்றைய ஆங்கில உத்தியோகத்தருக்கே தெளிவில்லை. ‘இனம்’ என 24 பிரிவும் ‘தேசியம்’ என 78 பிரிவும் அவ்வறிக்கையில் இடம்பெற்றன. பத்தாண்டு சென்று 1881இல் அவை ஏழு இனங்களாகச் சுருக்கப்பட்டன. பிற்காலத்தார் என்றும் நிலைத்திருந்தவை என நம்பிய தலைப்புகள் பல இவ்வாறு ஒரு கந்தோர் மேசையில் ஒழுங்கு செய்யப்பட்டவையே. சில தலைப்புகள் அதன்பின் அசையாது நின்றன. சோனகர் இனத்தாற் தமிழரே எனப் பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் வாதித்ததும், ஐ. எல். எம். அப்துல் அசீஸ் 1907இல் அதனை மறுத்து நூல் எழுதியதும் அறிஞருலகிற் பெரும் வழக்காயின. அட்டவணையிலோ சோனகர் தனித்தலைப்பாகவே தொடர்ந்தனர். வேடர் என்ற தலைப்பின் கதை வேறு. 1911இல் 5,332 ஆக இருந்த அவர்களின் தொகை 1946இல் 2,361 ஆயிற்று. இறந்துபோனவர்களால் மட்டும் ஏற்பட்ட குறைவன்று இது. அயலவரோடு கலந்து சிங்களவரென்றோ தமிழரென்றோ எழுதப்பட்டோரும் அதில் அடங்குவர். சிங்களவரிற் கரைநாட்டார், கண்டியார் என்ற பிரிவு 1971 வரை காட்டப்பட்டு, 1981இல் ஒன்றாக்கப்பட்டது. ஆதலால் கண்டிச் சிங்களவரின் தொகையை அதற்கப்பால் தொடர்ந்து எழுத இயலாது.

1901ஆம் ஆண்டின் குடிசனமதிப்பை நடத்தியவர் பொன்னம்பலம் அருணாசலம். நாட்டின் மொழி, சமயம், வரலாறு ஆகியவற்றையும் தழுவி அவர் எழுதிய அறிக்கை இன்றும் விரும்பிப் படிக்கத்தக்கது. ஆயினும் தமிழர் தொகையைப் பொறுத்தவரையில் அவர் காலத்து அட்டவணை ஒன்றாகவே இருந்தது. யாழ்ப்பாணத்திற் பல தலைமுறையாக வாழ்ந்த கமக்காரரும், திருச்சிராப்பள்ளியிலிருந்தும் மதுரையிலிருந்தும் அண்மையில் வந்து தேயிலைத் தோட்டத்திற் குடியேறிய தொழிலாளரும் ஒரே எண்ணுக்குள் அடங்கினர். 1911இல் ஈ. பி. டென்கம் என்பவரின் பொறுப்பில் நடந்த மதிப்பே அவர்களை வேறுபடுத்தியது.

அங்ஙனமாயின், 1911க்கு முந்திய ஆண்டுகளில் இலங்கைத் தமிழர் எத்துணையர் என்பதை அறிவது எப்படி? தோட்டங்களில் வாழ்ந்தோரின் தொகை தனியே குறிக்கப்பட்டிருப்பது இங்கே கைகொடுக்கிறது. 1901இல் தோட்டங்களில் இருந்தோர் சுமார் 4 இலட்சத்து 41 ஆயிரம் பேர். தமிழரின் மொத்தத் தொகையிலிருந்து இதனைக் கழித்தால் எஞ்சுவோர் ஏறக்குறைய 5 இலட்சத்து 10 ஆயிரம். 1911இன் 528,024 என்ற எண்ணோடு இது நன்கு பொருந்துகிறது. 1881இல் தமிழர் 687,248. தோட்டத்தோர் சுமார் 2 இலட்சத்து 6 ஆயிரம். மிச்சம் 4 இலட்சத்து 81 ஆயிரம். இதுவும் பொருந்துகிறது. ஆனால் 1891ஆம் ஆண்டுக்கு இதே கழித்தலைச் செய்தால் மிச்சம் 4 இலட்சத்து 62 ஆயிரமாக இறங்கிவிடுகிறது!

அளவுகோல் கரடுமுரடானதென்பதை இது காட்டுகிறது. தோட்டத்தில் இருந்தோர் அனைவரும் இந்தியத் தமிழரல்லர். இந்தியத் தமிழர் அனைவரும் தோட்டத்தில் இருந்தாரல்லர். வீதி அமைத்தோரும் கொழும்புத் துறைமுகத்திற் சுமை தூக்கியோரும் தோட்டக் கணக்கில் வாரார். காப்பிக் காலத்திலோ தொழிலாளர் பலர் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, வேலை முடிந்ததும் கடல் கடந்து ஊர் திரும்பினர். தேயிலை வந்த பின்னரே ஆண்டு முழுவதும் வேலை இருந்தது. ஆகவே எந்த மாதத்தில் எண்ணினார்கள் என்பதும் தொகையை மாற்றும். இம்முறையாற் பெறும் எண்ணை ஆயிரக்கணக்கிற் சொல்லலாமேயன்றி ஒற்றை இலக்கம் வரை சொல்லுதல் தகாது.

1921இல் இன்னொரு புதிர். நாட்டின் மொத்தக் குடிகள் 4,106,350 இலிருந்து 4,498,605 ஆகப் பெருகிய அப்பத்தாண்டில் இலங்கைத் தமிழர் 517,324 ஆகக் குறைந்தனர். இந்தியத் தமிழரோ 602,735 ஆகக் கூடினர். 1918-19இன் நச்சுக்காய்ச்சலும், மலாயாவுக்கு வேலை தேடிச் சென்ற யாழ்ப்பாணத்து இளைஞரும் இதற்கு ஓரளவு காரணமாவர். ஆயினும் இரு தலைப்புகளுக்கும் இடையிலுள்ள வேலி எங்கே போடப்பட்டதென்பதையும் நோக்குதல் வேண்டும். நகரங்களில் வாழ்ந்த ஒரு குடும்பத்தை ஒருமுறை ஒரு பக்கத்திலும் மறுமுறை மறுபக்கத்திலும் எழுதக் கூடும்.

1931ஆம் ஆண்டில் உலகப் பொருளாதார மந்தத்தினாற் செலவு குறைக்கப்பட்டு, மதிப்பு சுருக்கமாகவே நடந்தது. அவ்வாண்டுக்கு இனவாரியாகக் காட்டப்படும் 598,900, 818,500 போன்ற எண்கள் எண்ணிப் பெற்றவையல்ல, மதிப்பிட்டவை. ஈற்றிலுள்ள சுழிகளே அதற்குச் சான்று. அடுத்த மதிப்பு 15 ஆண்டு கழித்து 1946இலும், அதற்கடுத்தது 7 ஆண்டில் 1953இலும் நிகழ்ந்தன. ஆண்டொன்றுக்கு இத்தனை வீதம் எனப் பிரித்தாலன்றி இவற்றின் வளர்ச்சியை ஒப்பிடல் இயலாது.

எண்களின் பின்னால் வாழ்வு இருக்கிறது. சோல்பரி அரசியலமைப்பின்படி 75,000 குடிகளுக்கு ஓர் ஆசனமும், ஆயிரஞ் சதுரமைலுக்கு ஓர் ஆசனமும் என மாகாணங்களுக்குப் பிரதிநிதித்துவம் பகிரப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின் விளைவாக இந்தியத் தமிழரிற் பெரும்பாலோர் வாக்கிழந்தனர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டின் ஆசனங்களுக்கு அவர்களின் தலைகள் எண்ணப்பட்டிருந்தன. வாக்காளர் இடாப்பில் அவர்களின் பெயர்கள் இல்லை.

1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 975,000 பேரின் கதியைத் தீர்மானிக்க முற்பட்டது: 525,000 பேரை இந்தியாவும், 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் முடிவாயிற்று. இதன் சுவடு அடுத்த மதிப்புகளிற் தெரிகிறது. 1971இல் 1,174,900 ஆக இருந்த இந்தியத் தமிழர் 1981இல் 818,700 ஆயினர். இலங்கைத் தமிழரோ 1,424,000 இலிருந்து 1,886,900 ஆக, நூற்றுக்கு 32 வீதம் பெருகினர். நாடு முழுவதும் பெருகியது 17 வீதமே. இலங்கைத் தமிழரும் அதே 17 வீதம் வளர்ந்தனரெனக் கொண்டால் அவர்கள் சுமார் 1,666,000 ஆகியிருப்பர். மிகையாக நிற்போர் 2 இலட்சத்து 20 ஆயிரம். இந்தியத் தமிழர் அவ்வாறே வளர்ந்திருப்பின் சுமார் 1,375,000 ஆகியிருப்பர். குறைவாக இருப்போர் 5 இலட்சத்து 56 ஆயிரம். முன்னதைப் பின்னதிலிருந்து கழித்தால் 3 இலட்சத்து 36 ஆயிரம். கப்பலேறிச் சென்றோரின் அளவு இவ்வெண்ணுக்கு அருகிலேயே இருக்கவேண்டும். மற்றவர் எங்கும் போகவில்லை. பிரசாவுரிமை பெற்றபின் ‘இந்திய’ என்னும் அடைமொழியை அவர்கள் விட்டுவிட்டனர், அல்லது எழுதியவர் விட்டுவிட்டார். இது தோராயமே, இரு சமூகத்தாரின் பிறப்பு இறப்பு வீதங்களும் ஒன்றல்ல.

இடங்களின் எல்லையும் மாறிக்கொண்டே வந்தது. 1886இல் ஊவாவும் 1889இல் சப்பிரகமுவவும் தனி மாகாணங்களாயின. 1961இல் மட்டக்களப்பின் தென்பாகம் பிரிந்து அம்பாறை மாவட்டமாயிற்று. 1953இன் மட்டக்களப்பை 1963இன் மட்டக்களப்போடு ஒப்பிடுபவர், அம்பாறையை மீண்டும் சேர்த்துக்கொள்ளாவிடின் இல்லாத ஒரு வீழ்ச்சியைக் கண்டுபிடிப்பர்.

1991இல் மதிப்பே நடைபெறவில்லை. 2001இல் 25 மாவட்டங்களில் 18இல் மட்டுமே எண்ணி முடிக்க முடிந்தது; வடக்கிலும் கிழக்கிலும் யுத்தம் குறுக்கிட்டது. எனவே 1981க்குப்பின் முழு நாட்டுக்கும் ஒப்பிடத்தக்க மதிப்பு 2012இலேயே கிடைக்கிறது. அவ்வாண்டில் இலங்கைத் தமிழர் நூற்றுக்கு 11.1 வீதமும் இந்தியத் தமிழர் 4.1 வீதமுமாக எழுதப்பட்டனர். 2024இல் முன்னவர் 12.3 வீதம், பின்னவர் 2.8 வீதம். இரு ஆண்டிலும் கூட்டுத்தொகை 15 வீதத்தைச் சற்றே தாண்டி, அநேகமாக அசையாது நிற்கிறது. மலையகத் தமிழர் என்ற பெயரே தமக்குரியதென அம்மக்களிற் பலர் நெடுங்காலமாக வற்புறுத்தி வருகின்றனர். அவர்களுள் எத்தனை பேர் தோட்டத்தை விட்டனர், எத்தனை பேர் நாட்டை விட்டனர், எத்தனை பேர் பழைய தலைப்பை மட்டும் விட்டனர் என்பதைப் பிரித்தறிய, நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் தோட்டத் தொகைகளை இனி வரி வரியாக ஒப்புநோக்குதல் வேண்டும்.