மேசைக்கு அடியில் ஒரு பெயர்

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மரச்சாமான் ஒன்று ஏலத்துக்கு வந்தால், விஷயம் தெரிந்தவர் முதலில் அதைக் கவிழ்த்துத்தான் பார்ப்பார். பளிங்கும் பொன்முலாமும் அப்புறம். அடிச்சட்டத்தில் இரும்பு முத்திரையால் அடித்த பெயர் இருக்கிறதா? இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. 'பழம்பொருள்' என்ற சொல்லாடலின் பொருளாதாரம் பெரும்பாலும் இந்தப் பெயரின் மேல்தான் நிற்கிறது. ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கம் ஷிப்டு பஸ்ஸில் போகிறவனுக்கு இதில் என்ன வந்தது என்று கேட்கலாம். வந்திருக்கிறது. கொஞ்சம் சுற்றித்தான் சொல்ல வேண்டும்.

பதினாறாம் லூயி பாணி என்று அழைக்கப்படுவது அந்த மன்னன் 1774-ல் பட்டத்துக்கு வருமுன்பே தொடங்கிவிட்டது. 1738-ல் ஹெர்குலேனியம், 1748-ல் பொம்பேயி என்று மண்ணிலிருந்து தோண்டியெடுக்கப்பட்ட ரோமாபுரி, பாரிசுத் தச்சர்களின் கைக்கு வந்து சேர்ந்தபோது நாற்காலிக் கால்கள் வளைவை விட்டு நிமிர்ந்தன. கோயில் தூண்போலக் குறுகி, நெடுக்குவாட்டில் கோடு வாங்கிக்கொண்டன. (நம்மூர்க் கல்யாண மண்டபங்களில் மணமக்களுக்கு வாடகைக்குப் போடும் தங்கப் பெயிண்டு நாற்காலி இந்த வகை அல்ல. அதன் வளைந்த கால்கள் பதினைந்தாம் லூயியின் சொந்தக்காரர்கள்.)

இந்தப் பாணியில் மதுவுக்கென்றே செய்த ஒரு சின்ன மேசை உண்டு. பெயர் ரஃப்ரெஷிசுவார், குளிர்விப்பான் என்று வைத்துக்கொள்வோம். பளிங்கு மேற்பலகையில் புதைத்த உலோகத் தொட்டிகளில் ஐஸும் பாட்டில்களும். கீழே தட்டு வைக்க அடுக்குப் பலகைகள். காலில் உருளைச் சக்கரம். எதற்கு? நெருங்கியவர்கள் மட்டும் கூடும் இரவு விருந்தில் வேலைக்காரர்களை வெளியே அனுப்பிவிடலாம். அவர்களுக்குக் காது இருக்கிறதல்லவா? எஜமான் தன் கோப்பையைத் தானே நிரப்பிக்கொள்வான். இதைச் சமத்துவத்தின் முன்னறிகுறியாக வாசிப்பவர்களும் இருக்கக்கூடும்! குளிர்காலத்தில் குளத்து ஐஸை வெட்டி, நிலவறையில் சேமித்து, வேனிலில் சுமந்துவந்து தொட்டியை நிரப்பிய கைகள் எங்கும் போய்விடவில்லை. பார்வையிலிருந்துதான் நீக்கப்பட்டன. உழைப்பு அப்படியே இருக்க, உழைப்பவனை மட்டும் மறைத்துத் தருகிற சாமான் இது.

இந்த மேசைகளுக்குப் பேர்போனவர் கனபாஸ். இயற்பெயர் ஜோசப் கெங்கன்பாக். 1766-ல் மாஸ்டர் தகுதி பெற்றவர். தச்சர் சங்கத்து மாஸ்டர்கள் தம் பெயரை மரத்தில் அடித்தே ஆகவேண்டும் என்ற விதி 1743-ல் எழுதப்பட்டு 1751-லிருந்து அமலானது. கலைஞனின் கையொப்பம் என்று நாம் உருகுவது உண்மையில் கண்காணிப்புக்கான அடையாளம். வேலையில் குறையிருந்தால் யாரைப் பிடிப்பது என்பதற்காக. மாஸ்டரின் பட்டறையில் கூலிக்கு இழைத்தவனுக்கு முத்திரை கிடையாது. பித்தளையில் தங்கம் ஏற்றப் பாதரசத்தைக் காய்ச்சி, அந்த ஆவியைச் சுவாசித்துக் கைநடுங்கிச் செத்தவனுக்கும் கிடையாது. (பாதரசம் என்றதும் நமக்குக் கொடைக்கானல் நினைவு வரும்.) மஹோகனி மரத்தை சான் தொமிங்கில், இன்றைய ஹெய்த்தியில், வெட்டிய அடிமையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

1791-ல் புரட்சி இந்தச் சங்கங்களை ஒழித்தது. முத்திரைக் கட்டாயமும் போயிற்று. நல்லதுதானே என்கிறீர்களா? அதே ஆண்டு ஜூன் 14-ல் வந்த லு ஷாப்பலியே சட்டம், தொழிலாளர் கூலிக்காக ஒன்றுகூடுவதையும் குற்றமாக்கியது. பாஸ்தீயைத் தகர்த்த கூட்டத்தில் மரவேலைக்காரர் குடியிருந்த சான்-அந்துவான் பகுதி ஆட்கள் ஏராளம். இரண்டே வருஷத்தில் அவர்களுக்குக் கிடைத்த வெகுமதி இது. வேலைநிறுத்தம் குற்றமில்லை என்றாக 1864 வரை, தொழிற்சங்கம் சட்டபூர்வமாக 1884 வரை காத்திருந்தார்கள்.

இதற்கிடையே நம் கடற்கரை. எபெனிஸ்த் என்ற பிரெஞ்சுத் தச்சனின் பட்டமே கருங்காலியிலிருந்து வந்தது. நம் பக்கத்திலும் இலங்கையிலும் விளைகிற மரம். சீனாவில் செய்த அரக்குத் திரைகள் சோழமண்டலக் கரை வழியாகக் கப்பலேறியதால் ஐரோப்பாவில் 'கோரமண்டல்' ஆயின. பாரிசுத் தச்சர்கள் அவற்றை அறுத்துத் தம் அலமாரிகளில் ஒட்டினார்கள். செய்தவன் பெயர் போய், ஏற்றிவிட்ட கரையின் பெயர் நின்றது. புதுச்சேரியில் பிரெஞ்சு வீடுகளுக்காகத் தேக்கிலும் ஈட்டியிலும் இந்த நேர்க்கால்களைக் கடைந்தவர்கள் உள்ளூர்த் தச்சர்கள். அங்கே முத்திரை விதி இல்லை. ஆகவே இன்று அந்த நாற்காலி 'இந்தோ-பிரெஞ்சு', அவ்வளவுதான். கவிழ்த்துப் பார்த்தால் மரம் மட்டும்.

சரி, ஸ்ரீபெரும்புதூர். வெர்சாய் அரண்மனையின் கண்ணாடிக் கூடத்துக்கு 357 கண்ணாடிகளைச் செய்துகொடுத்த, 1665-ல் தொடங்கிய அரச ஆலையின் வழிவந்த செயின்ட் கோபைன், 2000-ல் இங்கே கண்ணாடி வார்க்கத் தொடங்கியது. ஆனால் நான் சொல்ல வந்தது அந்தக் குளிர்விப்பானின் இன்றைய வாரிசைப் பற்றி.

பக்கத்துச் சுங்குவார்சத்திரத்தில் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் டிவியும் செய்கிற சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9-ல் வேலைநிறுத்தம் தொடங்கி 37 நாள் நடந்தது. கூலியும் வேலைநேரமும் கோரிக்கையில் இருந்தன. ஆனால் முடிச்சு விழுந்த இடம் சங்கப் பதிவு. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் வரக்கூடாது, அது எங்கள் வணிகச் சின்னம் என்றது நிர்வாகம். ஃபிரிட்ஜின் நெற்றியில் ஒட்டியிருக்கிற பெயர், அதைப் பூட்டுகிறவர்களின் பதிவேட்டில் ஏறக்கூடாது! வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. 2025 ஜனவரி 27-ல் பதிவுச் சான்று வந்தது. சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம் என்று, அந்தப் பெயரோடேயே.